இரண்டு .32-கள்: உப்புக்காற்று ஊர்க்காரர் கைத்துப்பாக்கி காலிபர் தேர்ந்தெடுக்கும் முறை

லைசென்ஸில் ‘.32 ரிவால்வர்’ என்று இருக்கிறதா, ‘.32 பிஸ்டல்’ என்று இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். காலிபர், அதாவது குழல் அளவைச் சொல்லும் எண், இரண்டிலும் ஒன்றுதான். தோட்டாக்கள் வேறு வேறு. ரிவால்வருக்கு உரியது .32 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் லாங். 1896-இல் வந்தது, விளிம்பு வைத்தது, பித்தளைக் கூடு மட்டும் ஏறக்குறைய 23 மி.மீ. நீளம். பிஸ்டலுக்கு உரியது .32 ஏ.சி.பி. ஜான் பிரௌனிங் 1899-இல் வடிவமைத்தது. 7.65 எம்.எம். என்றும் சொல்வார்கள். கூடு 17 மி.மீ. சொச்சம், விளிம்பு அரைகுறையாகத்தான் வெளியே நீட்டும்.

குண்டின் விட்டம் இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றே என்பதால்தான் ஆபத்து. குட்டையான பிஸ்டல் தோட்டா சில .32 ரிவால்வர் சிலிண்டர்களுக்குள் இறங்கி உட்கார்ந்துவிடும். உட்கார்ந்துவிட்டதே என்று சுடக்கூடாது. ரிவால்வர் தோட்டாவுக்கு வைத்த அழுத்த வரம்பு சதுர அங்குலத்துக்கு 15,000 பவுண்டு. பிஸ்டல் தோட்டாவுக்கு 20,500. முழங்காலை மடக்குவதுபோல நடுவில் மடங்கித் திறக்கும் பழைய ரிவால்வரில் அந்தக் கூடுதல் அழுத்தம் கீலையும் மேல் கொக்கியையும் தளர்த்திவிடும். கடையில் ‘.32 தோட்டா ஒரு பாக்கெட்’ என்று கேட்காதீர்கள். ‘லாங், ரிவால்வருக்கு’ என்றோ, ‘ஏ.சி.பி., பிஸ்டலுக்கு’ என்றோ கேளுங்கள். வீட்டுக்கு வந்ததும் ஒவ்வொரு தோட்டாவின் அடிப்பக்க முத்திரையையும் வாசியுங்கள்.

வேலி எங்கே போட்டிருக்கிறது

வெளிநாட்டுக் காணொளிகளில் 9 எம்.எம். நல்லதா, .45 நல்லதா என்று மணிக்கணக்கில் விவாதிப்பார்கள். ராமநாதபுரம் மாவட்டத்துக் கீழக்கரையில் நகைக்கடை வைத்திருப்பவருக்கோ, தொண்டிப் பக்கம் இறால் பண்ணையில் சம்பளப் பணத்தோடு இரவில் போகிறவருக்கோ அந்த விவாதம் பாதிக்குமேல் உதவாது. ராணுவ 9 எம்.எம்., விளிம்புள்ள .380, .455 ஆகிய தோட்டாக்கள் நுழைந்து வெடிக்கக்கூடிய எந்தப் பிஸ்டலும் ரிவால்வரும் இந்தியாவில் தடைசெய்யப்பட்ட வகை. தனியாருக்குக் கலெக்டர் தரும் சாதாரண லைசென்ஸில் அது வராது. தடைசெய்யப்பட்ட ஆயுதத்தை அனுமதியின்றி வைத்திருந்தால், ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு, குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் 14 ஆண்டு சிறை. எவராவது ‘ஒரு 9 எம்.எம். இருக்கிறது, மலிவாகத் தருகிறேன்’ என்று வந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

நடைமுறையில் மிஞ்சுவது பெரும்பாலும் .32-இன் இரண்டு வகை, பிறகு .22. இவற்றிலும் புதிதாக வாங்கக் கிடைப்பவை விரல்விட்டு எண்ணும் அளவுதான். அரசுத் தொழிற்சாலையின் .32 ரிவால்வர்கள் இருக்கின்றன. 2014-இல் கான்பூரிலிருந்து வந்த ‘நிர்பீக்’ அரைக் கிலோ அளவு எடை, டைட்டானியம் கலவை. 2023 ஆகஸ்டில் வந்த ‘பிரபல்’ 76 மி.மீ. குழல், தோட்டா இல்லாமல் 700 கிராம், சிலிண்டர் பக்கவாட்டில் திறக்கும். பிஸ்டல் என்றால் ‘அஷானி’. .22-இல் ‘நிடர்’ என்ற 250 கிராம் ரிவால்வர். 1980-களின் நடுவில் தனியார் இறக்குமதி நின்றுபோனதால் பழைய வால்தர், வெப்லி, பிரௌனிங் .32-கள் கைமாறிக் கைமாறி லட்சக்கணக்கில் விலைபோகின்றன. பெயருக்காக அந்த விலை கொடுப்பதில் எங்களுக்கு உடன்பாடில்லை. எழுபது, எண்பது ஆண்டு உழைத்த ஸ்பிரிங்குக்கு உதிரிபாகம் ராமநாதபுரத்தில் மட்டுமில்லை, சென்னையிலும் கிடைப்பது கஷ்டம்.

எண்களை எப்படிப் படிப்பது

தோட்டாவின் வேகம் குழல் நீளத்தைப் பொறுத்து மாறும். கீழே உள்ளவை தோட்டா செய்பவர்கள் வழக்கமாகச் சொல்லும் அளவுகள். மூன்று அங்குலக் குழலில் இன்னும் கொஞ்சம் குறையும்.

.22 லாங் ரைபிள், குட்டைக் குழலில்: குண்டு 2.6 கிராம், நொடிக்கு 270 மீட்டர், சுமார் 95 ஜூல்.
.32 லாங்: 6.35 கிராம், 215 மீட்டர், சுமார் 147 ஜூல்.
.32 ஏ.சி.பி.: 4.6 கிராம், 275 மீட்டர், சுமார் 174 ஜூல்.
.38 ஸ்பெஷல்: 10.2 கிராம், 230 மீட்டர், 270 ஜூல்.
9 எம்.எம். பாரபெல்லம்: 7.45 கிராம், 350 மீட்டர், 456 ஜூல்.
.45 ஏ.சி.பி.: 14.9 கிராம், 255 மீட்டர், 484 ஜூல்.

கடைசி மூன்றும் ஒப்பிட்டுப் பார்க்க மட்டும். ஜூல் கணக்கைப் பார்த்து .32 பாதி பலம்கூட இல்லையே என்று சோர்ந்துபோகிறார்கள். ஜூல் ஒரு பக்கம்தான் காட்டும். 1986-இல் மயாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் இரண்டு அதிகாரிகளை இழந்த பிறகு அமெரிக்க எஃப்.பி.ஐ. தோட்டாக்களை ஜெலட்டின் கட்டியில் சுட்டு அளந்தது. அதன் முடிவாக வைத்த அளவுகோல் ஆழம்: குறைந்தது 12 அங்குலம், கூடினால் 18. கைத்துப்பாக்கித் தோட்டா எதுவானாலும், போதிய ஆழம் போய் சரியான இடத்தில் படாவிட்டால் பலன் நிச்சயமில்லை என்பதுதான் அந்தச் சோதனைகளின் சாரம். அதே எஃப்.பி.ஐ. நடுவில் 10 எம்.எம்., .40 என்று பெரிய காலிபர்களுக்குப் போய், பிறகு 9 எம்.எம்.-க்கே திரும்பியது. உதை குறைந்தால் ஆட்கள் வேகமாகவும் குறிதவறாமலும் சுடுகிறார்கள் என்பது அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று.

இதை நம் நிலைமைக்குப் பொருத்துங்கள். .32-இன் உருண்டை முனைக் குண்டு விரிவதில்லை, அதனால் ஆழத்தில் குறைவில்லை. உதை மிகக் குறைவு. ஐந்து மீட்டரில் அடுத்தடுத்து மூன்று தோட்டாவை ஒரு சாப்பாட்டுத் தட்டுக்குள் போட முடிகிற மனிதர் கையில் .32 போதுமான ஆயுதம். அதே மனிதர் பெரிய காலிபரில் இரண்டைத் தவறவிட்டால் அந்த ஜூல் கணக்கு காற்றோடு போகிறது. அதோடு, குண்டு எங்கே போய் நிற்கும் என்பதும் கணக்கில் வரவேண்டும். ஈயத்தின் மேல் உலோக உறை (ஜாக்கெட்) போட்ட குண்டு பனையோலைக் கீற்று, தகர ஷீட், ஒற்றைப் பலகைக் கதவு எல்லாவற்றையும் ஊடுருவும். தங்கச்சிமடம், பாம்பன் குடியிருப்புகளில் ஒரு வீட்டுச் சுவருக்கும் அடுத்த வீட்டுச் சுவருக்கும் ஒரு முழம்தான் இடைவெளி. உங்கள் வீட்டில் எந்தப் பக்கம் கல்சுவர், எந்தப் பக்கம் தகரம், அதன் பின்னால் யார் தூங்குகிறார்கள் என்பதைப் பகலிலேயே நடந்து பார்த்து மனதில் வையுங்கள்.

.22 பற்றி ஒரு வார்த்தை. விலை குறைவு, உதை இல்லை, பயிற்சிக்கு அருமை. ஆனால் அதன் வெடிமருந்துக் கலவை தோட்டாவின் விளிம்புக்குள் சுழற்றிப் பூசப்படுவது. ஓரிடத்தில் பூச்சு விட்டிருந்தால் சுத்தி அடித்தும் வெடிக்காது. அடியின் நடுவில் வெடிக்கும் தொப்பி (பிரைமர்) வைத்த .32-இல் இந்தக் கோளாறு மிக அரிது. .22-இன் ஈயக் குண்டு கூட்டின் வாயில் மெலிதாகத்தான் பிடித்திருக்கும். கடற்கரை ஈரமும் துப்பாக்கி எண்ணெயும் அந்த இடைவெளி வழியாக உள்ளே போகும். தற்காப்புக்கு என்றால் எங்கள் தேர்வு .32. கை நடுக்கமோ மூட்டு வலியோ உள்ள வயதானவர்களுக்கு மட்டும் .22-ஐ யோசிக்கலாம். அதுவும் ரிவால்வராக இருக்கட்டும். ஒன்று வெடிக்காவிட்டால் விசையை மறுபடி இழுத்தால் அடுத்தது வந்துவிடும்.

ரிவால்வரா, பிஸ்டலா

காலிபரைத் தேர்ந்தெடுக்கும் கேள்வி உண்மையில் இங்கேதான் தீர்கிறது. இரண்டு .32-களுக்கும் நடுவே உள்ள 25, 30 ஜூல் வித்தியாசத்தை மறந்துவிடுங்கள். ஒருவர் துப்பாக்கியை வாரத்துக்கு எத்தனை முறை துடைப்பார், ஆண்டுக்கு எத்தனை தோட்டா பழகுவார் என்பதைக் கேளுங்கள்.

பிஸ்டல் தட்டையானது, சட்டைக்கு வெளியே புடைக்காது. பிடிக்குள் செருகும் தோட்டா அடைப்பானான மேகசினில் ஏழு, எட்டு தோட்டா பிடிக்கும். ஆனால் தோட்டா தானாக ஏறி, கூடு தானாக வெளியேறி ஓடவேண்டிய இயந்திரம். முன்னும் பின்னும் ஓடும் மேல்பாகமான சறுக்கு உடலும் அடிச்சட்டமும் உரசும் தண்டவாளத்தில் உப்பும் மணலும் சேர்ந்தால் பாதி வழியில் நிற்கும். .32 ஏ.சி.பி.-க்கு இன்னொரு பிறவிக் கோளாறும் உண்டு. அரை விளிம்பு என்று சொன்னோமே, மேகசினில் மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் போய் உட்கார்ந்தால், சறுக்கு உடல் முன்னால் தள்ளும்போது இரண்டும் கொக்கி போட்டதுபோல் மாட்டிக்கொள்ளும். தட்டினாலும் இழுத்தாலும் போகாது. மேகசினைக் கழற்றித் தோட்டாக்களைக் கையால் எடுத்துத்தான் பிரிக்கவேண்டும். தடுக்கும் வழி எளிது: ஒவ்வொரு தோட்டாவை ஏற்றும்போதும் அதன் விளிம்பு கீழே இருப்பதன் விளிம்புக்கு முன்னால் இருக்கிறதா என்று மேகசினின் பக்கத் துளை வழியாகப் பாருங்கள். பிறகு மேகசினைப் பைக்குள் குலுங்கவிடாதீர்கள். நீளம் குறைந்த தோட்டாவானால் மேகசினுக்குள் முன்னும் பின்னும் நகர இடம் கிடைத்து இந்தச் சிக்கல் அதிகமாகும். ஆகவே துப்பாக்கியோடு ஒத்துப்போன ஒரே வகைத் தோட்டாவை மாற்றாமல் வையுங்கள்.

ரிவால்வர் தடிமன். இடுப்பில் வைத்தால் சிலிண்டர் துருத்தும். ஆறு தோட்டா முடிந்தால் மீண்டும் நிரப்ப நேரம் ஆகும். விசையே சுத்தியையும் பின்னிழுத்து விடும் முழு இழுப்பில் விசைக்கு நான்கைந்து கிலோ பலம் தேவை, அதைக் குறி அசையாமல் இழுக்க விரலுக்குப் பழக்கம் வேண்டும். இத்தனையும் இருந்தும், வாரம் ஒருமுறை துடைப்பதற்கே நேரம் கிடைக்காத கடைக்காரருக்கு நாங்கள் சொல்வது ரிவால்வர்தான். மாதக்கணக்கில் நிரப்பி வைத்தாலும் அதில் எந்த ஸ்பிரிங்கும் அழுந்திக் கிடப்பதில்லை. தோட்டா இருக்கிறதா இல்லையா என்பதும் திறந்தவுடனே தெரிந்துவிடும்.

பழைய ரிவால்வர் வாங்குகிறவர்கள் நான்கு இடங்களைப் பாருங்கள். தோட்டா இல்லை என்று இருமுறை உறுதி செய்தபின், சுத்தியைப் பின்னிழுத்து, விசையை இழுத்துப் பிடித்தபடி சிலிண்டரைப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். லேசான அசைவு சரி, லொடலொடப்பு கூடாது. சிலிண்டரை முன்னும் பின்னும் தள்ளுங்கள். மடங்கும் வகையானால் கொக்கியை மூடிவிட்டுக் குழலை ஒரு கையிலும் பிடியை மறு கையிலும் பிடித்து அசையுங்கள், கீலில் ஆட்டம் இருந்தால் விட்டுவிடுங்கள். கடைசியாகக் கூடு தள்ளும் நட்சத்திரத்தைத் தூக்கி அதன் அடியில் பாருங்கள். எரியாத மருந்துத்தூளும் துருவும் அங்கேதான் ஒளிந்திருக்கும். ஒரு துணுக்கு இருந்தாலும் சிலிண்டர் சுழலாமல் இறுகும்.

சுத்திக்கும் தோட்டாவுக்கும் நடுவே தடுப்பு இல்லாத பழைய மாடல் என்றால் ஆறில் ஐந்தை மட்டும் நிரப்பி, சுத்திக்கு நேராக வெற்று அறையை வையுங்கள். கீழே விழுந்து சுத்தி அடிபட்டால் வெடிப்பதைத் தடுக்க வேறு வழியில்லை.

வடகடலும் (பாக் விரிகுடா) தென்கடலும் (மன்னார் வளைகுடா) செய்யும் வேலை

சமையலறை உப்பு ஜாடி ஏன் கசிகிறது என்பது இந்த ஊர்ப் பெண்களுக்குத் தெரியும். துப்பாக்கிக்கும் அதே விஷயம்தான். சோற்றுப்பு காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தண்ணீரை இழுத்துக் கரையும். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடு 33 சதவீதத்திலேயே அதைச் செய்யும். ஆகவே இரும்பின் மேல் கடல் உப்பு ஒரு படலம் படிந்துவிட்டால், மண்டபத்திலோ ராமேஸ்வரத்திலோ அது அநேகமாக எப்போதும் ஈரமாகவே இருக்கும். வெயில் காய்ந்தாலும் அந்த ஈரம் போகாது. வியர்வையிலும் அதே குளோரைடுதான். இடுப்பில் வைத்துச் சுமப்பவர் கடல் பக்கமே போகாவிட்டாலும் உப்பு வந்து சேரும்.

இங்கே பலரும் செய்யும் தவறு, துப்பாக்கியை எடுத்து நேரே எண்ணெய் தடவுவது. உப்பு எண்ணெயில் கரையாது. எண்ணெய்க்கு அடியில் உப்பு உட்கார்ந்துகொண்டு இரும்பைத் தின்னும். ஒரு வாரம் கழித்துத் துடைத்தால் துணியில் செம்பழுப்பு தெரியும், ‘எண்ணெய் போட்டும் துருப்பிடித்ததே’ என்பார்கள். உப்பை முதலில் தண்ணீரால்தான் எடுக்கவேண்டும்.

வரிசை இது. தோட்டாக்களை எல்லாம் எடுத்து வேறு அறையில் வையுங்கள். சிலிண்டரை, அல்லது மேகசினையும் சேம்பரையும் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை), கண்ணால் பார்த்து விரலாலும் தடவி உறுதி செய்யுங்கள். பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரில் ஒரு பருத்தித் துணியை நனைத்து நன்றாகப் பிழிந்து வெளிப்பக்கம் முழுவதும் துடையுங்கள். கிணற்று நீர் வேண்டாம், இந்தக் கரையோரக் கிணறுகள் பலவற்றில் நீரே உப்பு. உடனே காய்ந்த துணியால் ஒற்றி, பத்து நிமிடம் மின்விசிறிக்கு அடியில் வையுங்கள். பிறகு மெல்லிய கனிம எண்ணெய். துப்பாக்கி எண்ணெய் கிடைக்காவிட்டால் தையல் மிஷின் எண்ணெய் நடக்கும். துணியில் மூன்று, நான்கு சொட்டு விட்டு உடல் முழுவதும் மெல்லிய படலமாகத் தேயுங்கள். கீலுக்கு ஒரு சொட்டு, சிலிண்டர் அச்சுக்கு ஒரு சொட்டு, பிஸ்டலானால் தண்டவாளம் ஒவ்வொன்றுக்கும் ஒரு சொட்டு. குழலுக்குள் லேசாகப் பூசி, சுடுவதற்கு முன் உலர்ந்த துணியைச் செருகி எடுத்துவிடுங்கள்.

தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். 24 டிகிரிக்குக் கீழே உறையும், நாளானால் சிக்குப் பிடித்துக் கோந்தாகும். மார்கழி வாடையில் விடியற்காலை சுத்தி மந்தமாக விழுவதற்கு இது ஒன்றே போதும்.

இடுப்பில் சுமந்த அன்று இரவே வெளிப்பக்கத்தைத் துடைக்கவேண்டும், விதிவிலக்கில்லை. பெட்டியில் கிடந்தால் வாரம் ஒருமுறை. ஐப்பசி, கார்த்திகை மழையிலும், தென்கடல் பக்கம் கச்சான் காற்று அடித்து அலைத்திவலை பறக்கும் நாட்களிலும் மூன்று நாளுக்கு ஒருமுறை. வாலிநோக்கம் உப்பளத்தை ஒட்டி வீடு என்றால் ஆண்டு முழுவதுமே மழைக்காலக் கணக்குதான்.

சேமிக்கும் பெட்டி விஷயத்தில் தோல் உறையை நம்பாதீர்கள். தோல் ஈரத்தையும் வியர்வை உப்பையும் குடித்து வைத்துக்கொண்டு இரும்போடு ஒட்டிக் கிடக்கும். உறை தனி, துப்பாக்கி தனி. ரப்பர் வளையம் போட்டுக் காற்றுப்புகாமல் மூடும் ஐந்து லிட்டர் டப்பாவில் 100 கிராம் சிலிக்கா ஜெல் போதும். நிறம் மாறும் வகையை வாங்குங்கள். நிறம் மாறியதும் இரும்புத் தவாவில் சிறு தீயில் பழைய நிறம் வரும்வரை வறுத்து, ஆறியதும் திரும்பப் போடலாம். வெயிலில் காயவைப்பது போதாது. இந்த டப்பாவைப் பூட்டுள்ள இரும்பு அலமாரிக்குள் வையுங்கள். தோட்டா வேறு பூட்டில், வேறு சாவியில். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் சாவி தலையணைக்கு அடியிலோ சாமி படத்துக்குப் பின்னாலோ இருக்கக்கூடாது, அந்த இரண்டு இடமும் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

பித்தளைக்கும் பகை உண்டு

தோட்டாக் கூட்டில் பச்சைக் களிம்பு லேசாக இருந்தால் உலர்ந்த துணியால் தேய்த்துப் பாருங்கள். போய்விட்டு அடியில் பள்ளம் இல்லை என்றால் பயிற்சிக்கு வைத்துக்கொள்ளலாம். பள்ளமோ, கழுத்தில் முடி போன்ற கீறலோ தெரிந்தால் ஒதுக்குங்கள். குத்துவிளக்கைப்போலப் புளி போட்டுத் தேய்ப்பவர்கள் இருக்கிறார்கள். அமிலம் பித்தளையின் துத்தநாகத்தைக் கரைத்து எடுத்துவிடும், கூடு பலமிழக்கும். பளபளப்பு தோட்டாவுக்குத் தேவையில்லை.

அமோனியா இன்னும் மோசம். பிரிட்டிஷ் ராணுவத்தின் தோட்டாக்கள் இந்தியாவில் மழைக்காலத்தில் தானாக விரிசல் விட்டன. குதிரை லாயத்தை ஒட்டி வைத்திருந்தபோது மூத்திரத்திலிருந்து எழும் அமோனியாதான் காரணம் என்று பிறகு தெரிந்தது. நம் ஊரில் லாயம் இல்லை, ஆனால் மாட்டுத் தொழுவமும் மீன் கழிவு அழுகும் கொட்டகையும் இருக்கின்றன. தோட்டாப் பெட்டியை அவற்றின் பக்கத்துச் சுவரில் வைக்காதீர்கள். அமோனியா கலந்த தரைத் துடைப்பான், பாலிஷ் எதையும் பக்கத்தில் அண்டவிடாதீர்கள்.

தோட்டாவுக்கு எண்ணெய் ஆகாது. ஊடுருவும் எண்ணெய் அடித்தொப்பிக்குள் இறங்கி மருந்தைச் செயலிழக்கச் செய்யும். பிஸ்டல்காரர்கள் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். தினமும் ஒரே தோட்டாவைச் சேம்பரில் ஏற்றி இறக்கினால் குண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுக்குள் அமுங்கும். உள்ளிடம் குறைந்தால் அழுத்தம் ஏறும். புதிய தோட்டா ஒன்றைப் பக்கத்தில் நிறுத்தி உயரம் ஒப்பிடுங்கள். கண்ணுக்கே தெரியும் அளவு குட்டையாகியிருந்தால் அதைச் சுடாதீர்கள்.

சுமக்கும் முறை

2016 ஆயுத விதிகளின்படி பொது இடத்தில் கைத்துப்பாக்கி உறைக்குள், உடலோடு பிணைத்தோ பைக்குள்ளோ, முழுவதும் மூடியிருக்கவேண்டும். கட்டுப்பாடும் உங்கள் கையில் இருக்கவேண்டும். வேட்டிமேல் கட்டும் அகலப் பச்சை பெல்ட்டின் பணப்பை உறை ஆகாது. துணி இளகும், விசைக்கு மறைப்பு இல்லை, குனிந்தால் வழுக்கி விழும். விசைக்காப்பு முழுவதையும் மூடுகிற, துப்பாக்கியை எடுத்தாலும் வாய் மூடிப்போகாத கெட்டியான பிளாஸ்டிக் உறை இந்தப் புழுக்கத்துக்குத் தோலைவிட நல்லது. வேட்டி, கைலி கட்டுபவர்கள் அதற்கு அடியில் தனியாக ஒன்றரை அங்குல விறைப்பான பெல்ட் கட்டி அதில் உறையை மாட்டுங்கள். சட்டை ஒரு அளவு பெரிதாக, நிறம் அடர்த்தியாக, இன் செய்யாமல். வெள்ளைப் பருத்திச் சட்டை வியர்வையில் நனைந்தால் ரிவால்வரின் வடிவம் அப்படியே தெரியும். உள்பனியன் துப்பாக்கிக்கும் தோலுக்கும் நடுவே வந்தால் உப்பும் பாதி குறையும்.

வீட்டில் விட்டுவிட்டுப் போகவேண்டிய இடங்களை முன்கூட்டியே எண்ணிக்கொள்ளுங்கள்: ராமநாதசுவாமி கோயில், நீதிமன்றம், பள்ளிக்கூடம், உச்சிப்புளி கடற்படைத் தளத்துச் சுற்றுப்புறம். தனுஷ்கோடியில் காருக்குள் வைத்துவிட்டு இறங்குவதும் கூடாது. திருட்டு ஒருபுறம், மூடிய காரின் வெப்பத்தில் தோட்டா வேகுவது மறுபுறம். படகில் ஏறும்போது துப்பாக்கி உடம்பில் இருக்கவே கூடாது. கடல் எல்லை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இருக்கிற ஊர் இது. அந்தப் பக்கம் பிடிபட்டால் மீன்பிடி வழக்கு ஆயுத வழக்காகிவிடும்.

லைசென்ஸ் எந்த எல்லைக்குச் செல்லும் என்பதையும் வாசியுங்கள். மாவட்டத்துக்கு மட்டுமா, தமிழ்நாட்டுக்கா, இந்தியா முழுவதற்குமா என்று அதிலேயே எழுதியிருக்கும். மதுரைக்குச் சரக்கெடுக்கப் போகிறவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். லைசென்ஸ் 5 ஆண்டுக்கு, ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிக்கு மேல் இல்லை. தேர்தல் அறிவிப்பு வந்தால் ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வரும். கொடுக்கும்போது எண், நிலைமை, இருக்கும் துருப் புள்ளிகள் எல்லாவற்றையும் ரசீதில் எழுதி வாங்குங்கள். நிறைய எண்ணெய் பூசிக் கொடுங்கள், அங்கே யாரும் துடைக்கமாட்டார்கள். திரும்பி வந்ததும் முதல் வேலை முழுச் சுத்தம்.

பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையைச் சொல்கின்றன. ஒருமுறையாவது தமிழில் வாசித்துவிடுங்கள். போலீஸ் உதவி பெற நேரம் இருந்தால் அந்த உரிமை இல்லை, தேவைக்கு மேல் தீங்கு செய்யவும் உரிமை இல்லை. ஓடுகிறவன் முதுகில் சுட்டவருக்குக் காலிபர் எதுவானாலும் பதில் சொல்வது கஷ்டம். பையைக் கொடுத்துவிட்டு உயிரோடு வீடு திரும்ப முடியுமென்றால் அதுதான் சரி.

ஆண்டுக்கு 50 தோட்டாவை எப்படிச் செலவழிப்பது

ஆண்டுக்கு எத்தனை வாங்கலாம், ஒரே நேரத்தில் எத்தனை வைத்திருக்கலாம் என்று லைசென்ஸில் இருக்கும். 50 என்று வைத்துக்கொள்வோம். ரிவால்வரில் 6, கூடுதலாக 6, ஆக 12 புதியவை சுமப்பதற்கு. மீதி 38. மாவட்ட ரைபிள் கிளப்பிலோ அனுமதி பெற்ற வேறு சுடுகளத்திலோ மூன்று தடவை, தடவைக்கு 12. சென்ற ஆண்டு சுமந்து களிம்பேறிய 12-ஐ முதலில் சுடுங்கள். அவை பிசகாமல் வெடித்தால் உங்கள் சேமிப்பு முறை சரி.

பன்னிரண்டில் முதல் ஆறை ஐந்து மீட்டரில், 20 செ.மீ. எவர்சில்வர் தட்டு அளவு வட்டத்தில், முழு இழுப்பில், நிதானமாக. ஆறும் உள்ளே வராவிட்டால் தூரத்தைக் கூட்டாதீர்கள். அடுத்த ஆறை இரண்டிரண்டாக, உறையிலிருந்து எடுத்து. குண்டுகள் இடப்பக்கம் கீழே போனால், வலக்கைக்காரரானால், விசையோடு முழுக்கையையும் இறுக்குகிறீர்கள் என்று பொருள். அதைத் திருத்தத் தோட்டா செலவழிக்கத் தேவையில்லை. தோட்டா வேறு அறையில் பூட்டியிருக்க, சிலிண்டரில் பயிற்சிக்கான பிளாஸ்டிக் போலித் தோட்டா போட்டு, கல்சுவரில் ஒட்டிய சிறு புள்ளியைப் பார்த்து தினம் இருபது முறை விசையை இழுங்கள். குறிமுனை அசையாமல் சுத்தி விழவேண்டும். .22-ஐ மட்டும் வெறும் அறையோடு இப்படி அடிக்கக்கூடாது, சுத்தி ஊசி சேம்பர் விளிம்பில் மோதி அதைப் பள்ளமாக்கும்.

வெடிக்காதபோது

களத்தில் விசை இழுத்தும் வெடிக்கவில்லை என்றால் குழலைப் பாதுகாப்பான திசையிலேயே வைத்து 30 நொடி எண்ணுங்கள். தாமதித்து வெடிக்கும் தோட்டா உண்டு. பிறகு திறந்து தொப்பியைப் பாருங்கள். பள்ளம் ஆழமாக இருந்தால் தோட்டாவின் குற்றம், ஈரமோ எண்ணெயோ. பள்ளம் மேலோட்டமாக இருந்தால் துப்பாக்கியின் குற்றம்: சுத்தி ஸ்பிரிங் களைத்திருக்கும், அல்லது ஊசித்துளையில் கெட்டி எண்ணெய் அடைத்திருக்கும். பழுதுபார்க்க லைசென்ஸ் உள்ள ஆயுதக் கடைக்கே கொண்டுபோங்கள், லேத் பட்டறைக்கு அல்ல.

இதைவிட ஆபத்து, ‘டப்’ என்ற சத்தத்துக்குப் பதில் ‘புஸ்’ என்று கேட்பது. மருந்து நனைந்து குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். அடுத்ததைச் சுட்டால் குழல் பிளக்கும். உடனே நிறுத்துங்கள், எல்லாத் தோட்டாவையும் எடுங்கள், திறந்த நிலையில் பின்பக்கமிருந்து வெளிச்சம் அடித்துக் குழல் வழியாகப் பாருங்கள். வெளிச்சம் தெரியாவிட்டால் அன்றைய பயிற்சி முடிந்தது.

வெடிக்காமல் போன தோட்டாக்களைக் கடலில் எறிவதோ கருவேலங்காட்டில் புதைப்பதோ வேண்டாம். தனி டப்பாவில் தேதி எழுதி வைத்து, அடுத்த முறை வாங்கும்போது கடைக்காரரிடம் கணக்கோடு ஒப்படைத்து, அவருடைய பதிவேட்டில் எண்ணிக்கை ஏறியதைப் பார்த்துவிட்டு வாருங்கள்.